விளிம்பில் எழுதியிருந்த பெயர்

(பவள விழாவையொட்டி நடந்த பங்கு மக்கள் கூட்டத்தில், ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



எழுபத்தைந்து ஆண்டு நிறைவில் நம் பங்கின் வரலாற்றைப் பற்றிப் பேச வேண்டும் என்று விழாக் குழுவினர் கேட்டார்கள். கோவில் கட்டிய கதையும் கோபுரம் எழும்பிய கதையும் இந்த மலரிலேயே வேறு பலர் எழுதியிருக்கிறார்கள். ஆகவே நான் ஒரே ஒரு மனிதனைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். கோவிலுக்கு அவன் ஒரு செங்கல்கூட எடுத்து வைத்தவன் அல்ல. கோவில் எழுவதற்கு வெகு காலம் முன்பே, கடல் தாண்டிய ஒரு கரையில் மாண்டவன். அவன் பெயரை இப்போது சொல்லப் போவதில்லை. குடும்பத்தார் வேறு ஓர் இடத்தில் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். அது எந்த இடம் என்பதை முடிவில் சொல்கிறேன்.

1980-ஆம் ஆண்டு சனவரி மாதம். உலகச் சந்தையில் வெள்ளி விலை தாறுமாறாக ஏறி, ஓர் அவுன்சு 50 டாலரைத் தொட்ட நேரம் அது. நம் விருதுநகர் பஜாரிலும் பழைய வெள்ளி, உடைந்த கொலுசு, அரைஞாண் எல்லாம் பெட்டியை விட்டு வெளியே வந்தன. நான் வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகளே ஆன வாத்தியார். பழைய காசு சேர்க்கும் பைத்தியம் உண்டு. தெரிந்த ஆசாரி ஒருவரின் பட்டறைக்கு வாரம் ஒரு முறை போய், உருக்கக் கொடுத்த காசுகளில் நல்லது ஏதும் கிடக்கிறதா என்று கிளறிப் பார்ப்பேன்.

அன்று ஓர் அம்மா ஒரு வட்ட வெள்ளியை நீட்டினார். ஆசாரி உரைத்துப் பார்த்து, எடை போட்டு, பணத்தை எண்ணிக் கொடுத்தார். அந்த அம்மா அதை ஒரு முறை கண்ணில் ஒற்றிவிட்டுக் கொடுத்தார். “சந்தியாகப்பர் படம்யா, பார்த்து உருக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தெருத் திரும்பும் முன்பே, எடைக்கு எடை பணம் கொடுத்து அதை நான் வாங்கிக்கொண்டேன். யார் நீங்கள், எந்த ஊர், இது யாருடையது என்று ஒரு வார்த்தை அவரிடம் கேட்கவில்லை. நல்ல பொருள் மலிவாகக் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் கேட்கத் தோன்றவில்லை. அந்தத் தவறுக்கு நான் கொடுத்த விலை முப்பத்தைந்து ஆண்டுகள்.

அது என்ன பொருள் என்பதைச் சொல்கிறேன். 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலக யுத்தத்தில் பணி புரிந்தவர்களுக்குப் பிரிட்டிஷ் அரசு கொடுத்த யுத்தப் பதக்கம் அது. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை. மறு பக்கம் குதிரை மேல் ஒரு வீரன். குதிரையின் காலடியில் கழுகு பொறித்த கேடயமும், மண்டை ஓடும் எலும்பும். அந்த வீரன் சந்தியாகப்பர் அல்ல, புனித ஜார்ஜியார். உடம்பில் உடையில்லாமல் செதுக்கியிருக்கிறார்கள். அந்த வீட்டார் தலைமுறை தலைமுறையாக அவரைச் சந்தியாகப்பர் என்றே எண்ணி, பீடத்தில் வைத்து மெழுகுதிரி ஏற்றியிருக்கிறார்கள். உடை தேய்ந்து போய்விட்டது என்று நினைத்திருப்பார்கள் போலும்!

இந்தப் பதக்கம் அறுபது லட்சத்துக்கும் மேல் வெள்ளியில் அடிக்கப்பட்டது. கூலிப் படைகளில் வேலை செய்தவர்களுக்குக் கொடுத்தது வெண்கலம். ஆகவே பொருளாக இது அபூர்வம் அல்ல. ஆனால் ஒவ்வொன்றின் விளிம்பிலும், காசின் ஓரத்தில் வெட்டு இருக்குமே அந்த இடத்தில், பெற்றவனின் எண், பதவி, பெயர், படையின் பெயர் ஆகியவற்றைப் பொறித்துக் கொடுத்தார்கள். அடிக்கும்போது அறுபது லட்சமும் ஒன்றுதான். பெயர் பொறித்த பிறகு ஒன்றைப் போல் இன்னொன்று கிடையாது.

நான் அதைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி, பள்ளிக்கூடப் பொருட்காட்சியில் வைத்தேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் ஓரத்தில் இருந்த எழுத்தைப் படித்துவிட்டு, “சார், இது யாரு சார்?” என்று கேட்டான். மன்னரைப் பற்றி, யுத்தத்தைப் பற்றி, வெள்ளியின் எடையைப் பற்றி எதைக் கேட்டிருந்தாலும் அரை மணி நேரம் பேசியிருப்பேன். அந்தக் கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. ஒரு மனிதனின் பெயரை விலைக்கு வாங்கிச் சுவரில் மாட்டியிருக்கிறோம், அவன் யாரென்று தெரியாது என்ற வெட்கம் அன்று தான் வந்தது.

விளிம்பில் இருந்தது இவ்வளவுதான்: ஓர் எண், சிப்பாய் என்ற பதவி, நம் கிறிஸ்தவப் பெயர் ஒன்று, 63-ஆம் படை. அது பாளையங்கோட்டை லேசு காலாட்படை. பாளையங்கோட்டைதானே, பஸ் ஏறினால் விஷயம் முடிந்தது என்று போனேன். ஒன்றும் கிடைக்கவில்லை. படையின் பெயரில்தான் பாளையங்கோட்டை இருந்தது. முதல் யுத்தத்துக்குப் பிறகு 1920-களில் சென்னை மாகாணத்தின் பழைய காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. மெட்ராஸ் ரெஜிமென்ட் மறுபடி எழுப்பப்பட்டது 1941-இல்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பதக்கம், ஆள் உயிரோடு திரும்பினானா, மாண்டானா என்பதைச் சொல்லாது. இருவருக்கும் ஒரே பதக்கம்தான். மாண்டவர்களின் வீட்டுக்கு மட்டும் அரைச் சாண் அகல வெண்கலத் தகடு ஒன்றை அனுப்பினார்கள். அதில் பெயர் மட்டும் இருக்கும், பதவி இருக்காது. மரணத்தில் தளபதியும் சிப்பாயும் சமம் என்று பொருள். அந்தத் தகடு என்னிடம் வரவில்லை. அது எந்தப் பாத்திரக்காரனின் தராசில் ஏறியதோ!

ஆண்டுகள் ஓடின. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் என்று ஒரு நிறுவனம் இருக்கிறது. 1917-இல் தொடங்கியது. இரண்டு உலக யுத்தங்களிலும் மாண்ட வீரர்களின் பெயர்ப் பட்டியலை அது இணையத்தில் வைத்திருக்கிறது. பேரன் கம்ப்யூட்டர் வாங்கியதும் நான் அதில் உட்கார்ந்தேன். பெயரை அடித்தேன், இல்லை. ஊரை அடித்தேன், விருதுநகர் என்று ஒருவரும் இல்லை.

ஏன் இல்லை என்பது ஒரு வரலாற்று வாத்தியாருக்கு உடனே உறைத்திருக்க வேண்டும். நம் ஊருக்கு விருதுநகர் என்ற பெயர் வந்ததே 1923-இல். யுத்த காலத்தில் இது விருதுபட்டி, சாத்தூர் தாலுகா. அதிலும் 1910 வரை நாம் திருநெல்வேலி ஜில்லா. பிறகு இராமநாதபுரம் ஜில்லா. 1985-க்குப் பிறகுதான் தனி மாவட்டம். படையில் சேர்ந்த ஆண்டுக்குத் தக்கபடி ஜில்லா மாறும்.

பெயர் அதைவிடச் சிக்கல். நம் முன்னோர்கள் பேதுருவை இராயப்பர் என்றார்கள், பவுலைச் சின்னப்பர் என்றார்கள், யோவானை அருளப்பர் என்றார்கள். அந்தப் பெயரைப் பட்டாள எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார். ராயப்பன் என்பது ராயப்பென் ஆகும், ரோயப்பா ஆகும், ராயபின் ஆகும். அதே ஆளைக் கோவில் பதிவேட்டில் பிரெஞ்சு நாட்டுச் சேசுசபைக் குருவானவர் இலத்தீனில் பெத்ருஸ் என்று எழுதி வைத்திருப்பார். ஒரே ஆள், மூன்று பெயர். என் ஆளுக்கும் இப்படித்தான். பதினொன்றாவது எழுத்துக்கூட்டலில் அவன் வந்தான். எண் ஒத்தது, படை ஒத்தது. தகப்பன் பெயர், கிராமத்தின் பெயர், சாத்தூர் தாலுகா எல்லாம் இருந்தன. மாண்ட நாள் 1914 நவம்பர் 4.

அந்தத் தேதியைக் கண்டதும், எங்கே மாண்டான் என்று புத்தகத்தைப் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. கிழக்கு ஆப்பிரிக்காவில் டாங்கா என்ற துறைமுகம். இன்று டான்சானியா நாட்டில் இருக்கிறது. அன்று ஜெர்மானியர் வசம் இருந்தது.

பம்பாயிலிருந்து 1914 அக்டோபரில் ஏறத்தாழ 8,000 பேரைக் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். அதில் நம் பாளையங்கோட்டைப் படையும் ஒன்று. பல நாள் கப்பலில் அடைந்து கிடந்து, கடல் மயக்கத்தில் வாடி வந்தவர்களை, வழியில் மொம்பாசாவில் இறக்கி இளைப்பாற விடலாம் என்று சொன்ன யோசனையைத் தளபதி ஏற்கவில்லை. டாங்காவுக்கு எதிரே கப்பல்கள் போய் நின்ற நாள் நவம்பர் 2. கல்லறைத் திருநாள்! இங்கே இவனுடைய தாய் கல்லறைகளுக்கு மெழுகுதிரி ஏற்றிய நாளில், இவன் தன்னுடைய கல்லறைக்கு முன்னால் கப்பலில் நின்றிருக்கிறான்.

கரையில் எதிரிகள் ஏறத்தாழ ஆயிரம் பேர்தான். ஆனால் பழகிய இடம், மறைந்திருந்து சுடும் இயந்திரத் துப்பாக்கிகள், ரப்பர் தோட்டங்கள், ஆளை மறைக்கும் புதர்கள். நவம்பர் 4-ஆம் தேதி நண்பகலுக்கு மேல் படை முன்னேறியது. குண்டு பட்டு மரங்களில் இருந்த தேன்கூடுகள் கலைந்து, காட்டுத் தேனீக்கள் இரு தரப்பையும் கொட்டின. அதனால் இதற்குத் தேனீப் போர் என்றே பெயர் வந்துவிட்டது. பாளையங்கோட்டைப் படை சிதறி ஓடியது என்று வெள்ளைக்காரர் எழுதிய வரலாறுகள் சொல்கின்றன. மறுநாள் எல்லோரையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். லட்சக்கணக்கான தோட்டாக்களைக் கரையிலேயே விட்டுவிட்டார்கள்.

அதைப் படித்தபோது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. எதையும் மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. படை ஓடியது உண்மை. சரியான பயிற்சி இல்லாமல், ஓய்வு இல்லாமல், இடமும் தெரியாமல் இறக்கிவிடப்பட்டவர்கள் ஓடினார்கள். ஆனால் இந்தச் சிப்பாய் கப்பலுக்குத் திரும்பவில்லை. மாதம் 11 ரூபாய்ச் சம்பளத்துக்குப் போன நம் கரிசல்காட்டுப் பையன், யாருடைய சண்டை என்றே தெரியாத ஒரு சண்டையில் அந்தக் கரையிலேயே கிடந்துவிட்டான். அந்த யுத்தத்தில் இந்தியாவிலிருந்து பதின்மூன்று லட்சம் பேர் பணி புரிந்தார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பல வெளிநாட்டு நினைவிடங்களில் வெள்ளை அதிகாரியின் பெயரைக் கல்லில் வெட்டிவிட்டு, இந்தியச் சிப்பாய்களை இத்தனை பேர் என்று தொகையாக மட்டுமே போட்டார்கள். இது தவறு என்று அந்தப் போர்க் கல்லறை ஆணையமே 2021-இல் ஓர் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது.

எல்லாப் பதக்கமும் இப்படி மறந்து போனதல்ல. இரண்டாம் உலக யுத்தத்தில் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையைச் சேர்ந்த நம் தமிழ்நாட்டுச் சுபேதார் சுப்பிரமணியம், இத்தாலியில் மிக்னானோ என்ற ஊருக்கு அருகே 1944 பிப்ரவரி 24-இல் கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருந்தார். புனித ஆசீர்வாதப்பர் நிறுவிய மோந்தே காசினோ மடம் குண்டுவீச்சில் இடிந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. அந்த மடத்துக்குத் தெற்கே உள்ள பகுதி அது. கூட இருந்த ஒருவரின் காலில் கண்ணி மிதிபட்டது. அந்த வகைக் கண்ணி மிதித்த உடனே வெடிக்காது. நாலு, நாலரை வினாடி கழித்து மேலே எழும்பி வெடிக்கும்.

நாலு வினாடி என்றால் என்ன என்று சிவகாசிப் பக்கத்து மக்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. திரி பற்றியதற்கும் வெடிப்பதற்கும் இடையே உள்ள நேரம் அது. எல்லோருக்கும் ஓடத்தான் தோன்றும். சுப்பிரமணியம் அந்தக் கண்ணியின் மேல் விழுந்து படுத்தார். தான் மாண்டு, மற்றவர்களைக் காப்பாற்றினார். அவருக்கு ஜார்ஜ் சிலுவை என்ற உயர்ந்த விருது மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. அதன் நடுவிலும் அதே புனித ஜார்ஜியார்தான். நண்பர்களுக்காக உயிரைக் கொடுக்கும் அன்பைப் பற்றி ஆண்டவர் சொன்னதை, ஞானஸ்நானம் பெறாத ஒருவர் நாலு வினாடியில் செய்து காட்டிவிட்டார்.

நம் காலத்திலும் பழைய இராமநாதபுரம் ஜில்லாவின் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனி, 2020 சூன் 15-இல் லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் உயிர் நீத்தார். அவருடைய வீர் சக்ராவை 2021-இல் குடியரசுத் தலைவரிடமிருந்து அவர் மனைவி பெற்றுக்கொண்டதை நாடே பார்த்தது. என் சிப்பாய்க்கு அப்படி ஒரு நாள் வரவில்லை. அவன் பதக்கம் தபாலில் வந்திருக்கும்.

இனி அந்தக் குடும்பத்தைக் கண்டுபிடித்த கதை. அன்று நம் பங்கு தனிப் பங்கு அல்ல. தாய்ப் பங்கின் பதிவேட்டில் தேட அங்குள்ள குருவானவர் அன்போடு அனுமதித்தார். தகப்பன் பெயரையும் கிராமத்தையும் வைத்துத் தேடியதில் இவன் ஞானஸ்நானம் கிடைத்தது. எட்டு ஆண்டு கழித்து, அதே பெற்றோருக்குப் பிறந்த தம்பியின் ஞானஸ்நானமும் கிடைத்தது. அதன் ஓரத்தில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு. ஒருவருக்குத் திருமணம் ஆகும்போது, எந்தக் கோவிலில் யாரோடு ஆனது என்று அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறிக்க வேண்டும் என்பது திருச்சபையின் சட்டம். அண்ணன் பதிவின் ஓரம் வெறுமையாக இருந்தது. தம்பியின் ஓரம் சிவகாசிப் பக்கத்துக் கோவில் ஒன்றைக் காட்டியது. தீப்பெட்டித் தொழில் தொடங்கிய காலத்தில் பிழைப்புக்குப் போயிருக்கிறார். அங்கிருந்து மகன், பேரன் என்று இறங்கி, 2015-இல் ஒரு வீட்டு வாசலில் போய் நின்றேன்.

கதவைத் திறந்தவர் எழுபத்தைந்து வயதைக் கடந்த ஒரு மூதாட்டி. நான் பொட்டலத்தைப் பிரித்ததும் அவர் பெயரைப் பார்க்கவில்லை. குதிரையைப் பார்த்தார். “சந்தியாகப்பர்!” என்றார். ஆம், பெரியோர்களே, 1980-இல் பட்டறைக்கு வந்த அதே அம்மா.

அவர் கணவர் அந்த வருஷம் பட்டாசு வேலையில் தீப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். வேறு விற்கப் பொருள் இல்லை. “சாமியை வித்துட்டோமேன்னு இத்தனை வருஷம் மனசு அறுத்துச்சு சார். அன்னைக்கு எவ்வளவு கொடுத்தீங்க, சொல்லுங்க, எம் பேத்திகிட்ட வாங்கித் தாரேன்” என்றார். நான் பதில் பேசவில்லை. சட்டத்தில் மாட்டி வைத்துப் பெருமைப்பட்டவனுக்குப் பேச என்ன இருக்கிறது?

பிறகு அவர் சொன்னார்: “நான் வாக்கப்பட்டு வந்தப்ப எங்க மாமனாரைப் பெத்த ஆச்சி உயிரோட இருந்துச்சு. மூத்த மகன் பட்டாளத்துல போயிட்டான்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும். எந்தச் சாமியார் வந்தாலும் ஒரே கேள்விதான் கேக்கும். எம் மகன் செத்தது எந்தத் தேதி சாமி, எந்தத் தேதியில பூசை வைக்கிறதுன்னு கேக்கும். கேட்டுக்கிட்டே செத்துப்போச்சு.”

பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதம் எடுத்து, நவம்பர் 4 என்று எழிதிக் கொடுத்தேன். முப்பத்தைந்து ஆண்டு நான் தேடியது அந்த ஒரு வரிக்காகத்தான் என்று அப்போதுதான் விளங்கியது. அந்த ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி, அவன் மாண்டு நூற்றோராவது ஆண்டில், அவனுக்கு முதல் ஆண்டுப் பூசை நடந்தது. அந்த அம்மாவும் இப்போது ஆண்டவரிடம் சேர்ந்துவிட்டார். பதக்கம் பேத்தியின் வீட்டுப் பீடத்தில் இருக்கிறது. அங்கே அது இன்னும் சந்தியாகப்பர்தான். நான் திருத்தவில்லை.

பங்கு மக்களுக்கு மூன்று வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன்.

முதலாவது, உங்கள் பெட்டியில் இப்படி ஒன்று இருந்தால் புளி போட்டு விளக்காதீர்கள், உருக்கக் கொடுக்காதீர்கள். விளிம்பை வெளிச்சத்தில் திருப்பிப் படியுங்கள். இரண்டாம் யுத்தத்து நட்சத்திரப் பதக்கம் என்றால் பின்பக்கத்தைப் பாருங்கள். இந்திய வீரர்களுக்கு அதிலும் பெயர் பொறித்தே கொடுத்தார்கள்.

இரண்டாவது, விற்றே தீர வேண்டிய கஷ்டம் வரலாம். கஷ்டம் தெரிந்தவன் சொல்கிறேன், அதில் குற்றமில்லை. ஆனால் விற்கும் முன் எழுத்து எழுத்தாக ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வாங்குகிறவர்களும் கொடுத்தவரின் பெயரையும் ஊரையும் கேட்டு எழுதுங்கள். நான் செய்யத் தவறியதை நீங்கள் செய்யுங்கள்.

மூன்றாவது, பதக்கம் இல்லாமல் மாண்டவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் நடந்த வெடி விபத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதற்கு முன்னும் பின்னும் நடந்தவை எத்தனை. மருந்து அறையில் கருகியவர்களின் பெயரை எந்த அரசும் எந்த விளிம்பிலும் பொறிக்கவில்லை. நம் பங்கில் ஒரு தடித்த நோட்டு வாங்கி, போரில் மாண்டவர்கள், வேலையில் மாண்டவர்கள் அனைவரின் பெயரையும் தேதியையும் எழுதி வைப்போம். முதல் நோட்டை நானே வாங்கி வந்திருக்கிறேன். பங்குத்தந்தையிடம் இப்போது ஒப்படைக்கிறேன்.

அந்தச் சிப்பாயின் பெயர் இதன் முதல் பக்கத்தில் இருக்கிறது. வருகிற நவம்பர் 2-ஆம் தேதி, கல்லறைத் திருநாள் திருப்பலியில் பங்குத்தந்தை அதை வாசிப்பார். குடும்பத்தார் கேட்டுக்கொண்ட இடம் அதுதான். அனைவரும் வந்து கேளுங்கள். அடுத்த பக்கங்களுக்கு உங்கள் வீட்டுப் பெயர்களையும் கொண்டு வாருங்கள்.